நகம் வளரும் கை

“வாரத்துக்கு ஒரு தடவ நகம் வெட்டி விட்டுருங்க மேடம்” என்றாள் பெனிட்டா. “ரொம்ப ஒட்ட வெட்டாதீங்க. அதுக்கு வலிக்காது, ஆனா ரத்தம் வரும்.”

அவள் சொன்னது செத்துப்போன என் அப்பாவின் வலது கையைப் பற்றி.

எங்கள் கூடத்து டீப்பாயில், வழக்கமாகச் செய்தித்தாளும் முறுக்குத் தட்டும் இருக்கும் இடத்தில், மேலே திறந்த ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அது மல்லாந்து கிடந்தது. முழங்கை வரைக்கும் அசல் கை. புறங்கையில் நரை கலந்த மயிர், மோதிரம் போட்டிருந்த விரலில் வெளுத்த வளையம், கட்டைவிரலுக்குக் கீழே அவருடைய பெயின்ட் கடையில் டப்பா மூடி கிழித்த தழும்பு. எல்லாம் அப்படியே. முழங்கை முடிகிற இடத்தில் பித்தளை நிறத்தில் ஒரு மூடி, அதிலிருந்து இரண்டு குழாய்கள். ஒன்று ஊட்டத் தண்ணீரை உள்ளே கொண்டுபோனது. மற்றது எதையோ வெளியே கொண்டுவந்து, தொட்டிக்கு அடியில் இருந்த சின்ன டப்பாவில் சொட்டிக்கொண்டிருந்தது.

“இது என்னது?”

“கழிவுத் தண்ணி மேடம். தினம் காலி பண்ணிக் கழுவிடணும். விட்டா வாடை வரும்.”

வாடை ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தது. வியர்வையும் மருந்துக்கடையும் கலந்த வாடை. கருமம். நான் கால்நடை மருத்துவர். மாட்டின் வயிற்றுக்குள் தோள் வரை கையை விட்டுச் செத்த கன்றை இழுத்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவி, அதே தொழுவத்தில் உட்கார்ந்து இட்லி தின்றவள். நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

என் சித்தப்பா தனபால் பொத்தவில்லை. அவர் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எங்கண்ணன் வந்துட்டாரு பாருத்தா அமுதினி” என்றார். நிஜமாகவே அழுதார்.

ஒரு காலத்தில் செத்தவர்களுக்கு ஒரு போட்டோ, அதற்கு ஒரு மாலை, ஒரு சீரியல் பல்பு. அதோடு விட்டார்கள். இப்போது மதுரையே பைத்தியம் பிடித்து அலைகிறது. எதிர்வீட்டில் காலிங் பெல்லை அழுத்தினால் செத்த மாமனார் இருமிவிட்டு “யாரது?” என்கிறார். பின்தெருவில் ஒருத்தி, அம்மாவின் கூந்தலைத் தொட்டியில் வளர்த்து, வெட்டிச் சவுரி முடிந்து, அதை வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறாள். கேட்டால் எங்கம்மா என் கூடவே இருக்காங்கள்ல என்கிறாள். ஒரு நகைக்கடைக்காரர் அட்சய திருதியைக்கு அப்பாவின் கையை வைத்துத்தான் கல்லாவைத் திறக்கிறார். வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்று அந்தக் கையிடம் ஆசீர்வாதம் வாங்குகிறார்கள். நினைவாம், மரியாதையாம். தூ.

இந்தக் கருமம் எங்கள் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் என் கல்யாணம்.

அடுத்த வாரம் எனக்கும் முகிலனுக்கும் கல்யாணம். எங்களில் பெண்ணின் அப்பா கையை நீட்டுவார், அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். அந்தத் தண்ணீர் பெண்ணின் கை வழியாக மாப்பிள்ளையின் கைக்கு இறங்கும். அதுதான் தாரை வார்ப்பது. அப்பா செத்துவிட்டால் அம்மாவுக்கு அந்த மேடையில் இடமில்லை, சித்தப்பாவும் சித்தியும் உட்காருவார்கள். என்னைப் பெற்றவள் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். எனக்கு எரிந்தது. பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்று கத்தினேன்.

அப்போது என் அம்மா வளர்மதி, தனக்கென்று ஒரு புடவைகூட வாயைத் திறந்து கேட்காதவள், கேட்டாள். “வேணாம்டி. என் பொண்ண நாலு பேரு பாக்க நான் குடுக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு ஆசை.”

சித்தப்பா அதற்குக் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கை. நம் ஆட்களின் மூளை இதில்தான் பிரமாதமாக வேலை செய்யும். புருசனின் தோலும் ரத்தமும் உயிரோடு இருக்கும்வரை பெண்டாட்டி விதவை இல்லை என்று எங்கள் சாதிச் சங்கத்தில் தீர்மானமே போட்டுவிட்டார்கள். கை பக்கத்தில் இருந்தால் பூ வைக்கலாம், குங்குமம் வைக்கலாம், மேடை ஏறலாம். சார்ஜ் தீர்ந்தால் இறங்கிவிட வேண்டும் போல. மண்டபங்களில் மணவறைக்குப் பக்கத்திலேயே இதற்கென்று பிளக் பாயின்ட் வைத்திருக்கிறார்கள்.

“மதினி மேடையில உக்காரணும்னு சண்ட போட்டேல்ல? உக்காரட்டும். எங்கண்ணன் கூடச் சேர்ந்து உக்காரட்டும்” என்றார் சித்தப்பா. நான் கேட்டதையே கொடுத்துவிட்டார். அம்மாவிடம் சொன்னபோது, “அது எத்தன நாளைக்கு இங்க இருக்கும்?” என்று மட்டும் கேட்டாள்.

இன்று மதியம் பெனிட்டா அதைக் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

பெனிட்டாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். கைத்துணை என்ற அந்தக் கம்பெனியின் நீலச் சட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை. வீட்டுக்கு வீடு இதைக் கொண்டுபோய் வைத்துப் பழக்கிக் கொடுப்பதுதான் அவள் வேலை.

“வெறும் கைன்னு நினைச்சுராதீங்க. சாருக்குத் தெரிஞ்ச கை இது” என்றாள். “ஆஸ்பத்திரியில எடுத்த தோல்ல இருந்து வளத்தது. தழும்பு, மோதிரத் தடம், அசையுறது மட்டும் எங்க வேலை. சார் எப்பவும் இந்தக் கையிலதான் வாட்ச் கட்டியிருப்பாராமே?”

“கழட்டவே மாட்டாரு” என்றார் சித்தப்பா பெருமையாக. “குளிக்கும்போதும் கையிலதான் கெடக்கும். தெப்பக்குளம் நடைப்பயிற்சி சங்கத்துக்கு எங்கண்ணன்தான செயலாளர். எத்தன எட்டு நடந்தாருன்னு பாத்துக்கிட்டே இருக்கணும் அவருக்கு.”

“அதான் சார். கை எப்பல்லாம் எப்படி அசைஞ்சுதுன்னு அந்த வாட்ச்ல பதிவாயிருக்கும். பக்கத்துல யாரு குரல் கேட்டுச்சுன்னும் இருக்கும். ரெண்டையும் சேத்துக் கைக்குப் பழக்கியிருக்கோம். நீங்க பேசுனா, உங்ககிட்ட சார் கை என்ன செய்யுமோ அதச் செய்யும்.”

“நெசமாவா?”

“பேசிப் பாருங்க சார்.”

சித்தப்பா தொட்டிக்கு முன்னால் மண்டி போட்டுக் குனிந்தார். “அண்ணே, நான் தனபாலு” என்றார். கை அசைந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, முழங்கை மடங்கி, அவர் முதுகைத் தேடிப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டின. பிறகு பிடரியைப் பிடித்து லேசாக ஆட்டின. சித்தப்பா விக்கி விக்கி அழுதார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, குமட்டவும் செய்தது.

“நீயும் வா” என்று சித்தியைக் கூப்பிட்டார். செண்பகம் சித்தி சோபாவின் ஓரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், திரும்பவில்லை. “ஏ டமாரம்! ஒன்னயத்தான்!” என்று கத்தினார். பெனிட்டாவைப் பார்த்துச் சிரித்தார். “தீவாளி வெடியில போன காது. எடது பக்கம் இடி விழுந்தாலும் கேக்காது இவளுக்கு.” சித்தியும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். “மாமா, நல்லாருக்கீங்களா?” என்று தொட்டியிடம் கேட்டாள். கை, காபி டம்ளருக்கு நீட்டுவதுபோல நீண்டது. எல்லோரும் சிரித்தோம். அப்பா சித்தியிடம் அதைத் தவிர வேறு எதற்கும் கை நீட்டியதில்லை.

அடுத்து நான். “அப்பா” என்றேன்.

இரண்டு விரல்கள் வந்து என் கன்னத்தில் தட்டின. டப், டப். பரீட்சைக்குப் போகும்போதும் ஊருக்குக் கிளம்பும்போதும் அப்பா தட்டுவாரே, அதே தட்டு. ஒரு நொடி நான் கன்னத்தைச் சாய்த்துக் கொடுத்துவிட்டேன். அப்பாவை எனக்குப் பிடிக்கும். என் பிரச்சினையே அதுதான். அடுத்த நொடி கன்னம் ஈரமாக இருந்தது. கை வியர்த்திருந்தது. வாஷ்பேசினுக்கு ஓடி, சோப்புப் போட்டு, தோல் எரியும்வரை தேய்த்தேன்.

திரும்பி வந்தபோது சித்தப்பா அடுக்களையைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார். “மதினி! வாங்க மதினி, அண்ணன் காத்துக்கிட்டிருக்காரு!”

அம்மா வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசலிலேயே நின்றாள். கையைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்து, “சாப்பாடு எடுத்து வைக்கட்டா?” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள்.

கை திரும்பியது. ஐந்து விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்தன. முழங்கையிலிருந்து மேலே எழுந்து, வீசி, தொட்டியின் விளிம்பில் பட்டென்று அறைந்தது. எழுந்து மறுபடி அறைந்தது. விளிம்பு கிழித்து நகக்கண்ணில் ஒரு சொட்டு ரத்தம் வந்து நின்றது.

அம்மா கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். அந்தக் கைக்கு எட்டாத தூரம். ஆனாலும் அவளுடைய இடது கை இடது காதைப் பொத்தியிருந்தது. தோள் காதுவரை ஏறியிருந்தது. கண் மூடியிருந்தது.

டப்பாவில் கழிவுத் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

“என்னம்மா இது?” என்றார் சித்தப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு. “மிசினு கோளாறா?”

பெனிட்டா கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். “கோளாறு இல்ல சார். பதிவுல இருக்கறதுதான்.” கொஞ்சம் நிறுத்தி, “நிறைய இருக்கு” என்றாள்.

“அதுக்கு?”

“எடுத்துரலாம் சார். அநேகமா எல்லா வீட்லயும் கேப்பாங்க. அதுக்குன்னு தனி சார்ஜ் கிடையாது.”

அவள் அதை மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அதுவரை வந்த குமட்டலெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. எல்லா வீட்டிலும்! யாரோ நாலு பேர் ஏசி அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, இது அடிக்கடி வருகிறதே, வாடிக்கையாளர் சங்கடப்படுகிறாரே, இலவசமாகவே நீக்கிக் கொடுப்போம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பொத்தான் செய்து, அந்தப் பொத்தானுக்கு ஒரு நல்ல நிறமும் கொடுத்திருப்பார்கள். எத்தனை வீட்டுக் கூடங்களில் எத்தனை பெண்கள் இப்படிக் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பார்கள்? அதன் பிறகும் பெட்டியைக் கட்டி அடுத்த வீட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

“உங்களுக்கு இது தெரியாதா சித்தப்பா?” என்றேன். “பக்கத்துத் தெருவுலதான இருக்கீங்க. தெரியாதா?”

“பழச எதுக்குத்தா இப்பக் கிளறுற?” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “எந்த வீட்லதான் இல்ல? ஆம்பளைன்னா கோவம் வரத்தான் செய்யும். கடையில ஆயிரம் தொல்ல இருந்திருக்கும் மனுசனுக்கு. தங்கமான மனுசன்னு ஊரே சொல்லுது. அதான் எடுத்துர்றேங்குதுல்ல அந்தப் புள்ள? எடும்மா நீ.”

பெனிட்டா டேப்லெட்டில் எதையோ தேய்த்தாள். கை தளர்ந்து மல்லாந்து விழுந்தது. அவள் பஞ்சை எடுத்து நகக்கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“முடிஞ்சிருச்சு. மேடம், இப்ப ஏதாச்சும் பேசுங்க.”

“என்ன பேச?” என்றாள் அம்மா.

கை அசையவில்லை.

“இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க மேடம்.”

அம்மா வந்தாள். ஒவ்வொரு அடியாக வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பா இருந்தபோது கூப்பிடுவதுபோலவே, “ஏங்க” என்றாள். கறிக்கடை மேசையில் கிடக்கிற துண்டைப் போல அது சும்மா கிடந்தது. “ஏங்க” என்று இன்னொரு முறை கூப்பிட்டாள். ஒன்றுமில்லை.

பெனிட்டா டேப்லெட்டை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். அவள் முகம் மாறியது.

“ஓடலையா?” என்றார் சித்தப்பா.

“ஓடுது சார். மேடத்துக்குன்னு வேற எதுவும் இல்ல.”

“இல்லன்னா?”

“அத எடுத்துட்டா...” அவள் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். “மேடம் குரல் கேக்கறப்போ அந்தக் கை வேற எதுவுமே செஞ்சதில்ல சார். தட்டிக் குடுத்தது, தொட்டது, புடிச்சது... எல்லாத்தையும் தேடிட்டேன். எதுவுமே இல்ல.”

அம்மா மூச்சை விட்டாள். சிரித்ததுபோல இருந்தது. “எனக்குத் தெரியும்மா” என்றாள் பெனிட்டாவிடம். “நீ ஏன் தலையக் குனியிற?”

எனக்கு அழுகை முட்டியது. இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தேன். அடிப்பதை மட்டும்தான் நான் கணக்கில் வைத்திருந்தேன். அப்பா ஒரு நாள்கூட அவளை அன்பாகத் தொட்டதில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

சித்தப்பாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. “அப்ப மேடையில இது பொணமாட்டம் கெடக்குமா? மாப்பிள்ள வீட்டாளுக என்ன நெனப்பாய்ங்க?”

“வேணும்னா பொதுவா ஒண்ணு ஏத்தித் தரலாம் சார்” என்றாள் பெனிட்டா. அந்த வாசகத்தைப் பல வீடுகளில் சொல்லிப் பழகியிருந்தாள் என்று தெரிந்தது. “பொண்டாட்டிய நல்லா வச்சிருந்தவங்க பழக்கம் கொஞ்சம் எங்ககிட்ட இருக்கு. அவங்க வீட்ல சம்மதம் வாங்குனதுதான். தோள்ல கை வைக்கிறது, கையப் புடிச்சுக்கறது, அந்த மாதிரி.”

“அட, அத முதல்லயே சொல்லக் கூடாதா? ஏத்தும்மா. நல்ல குடும்பத்து ஆளாப் பாத்து ஏத்து.”

“தம்பி” என்றாள் அம்மா.

அவள் குரல் உயரவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவள் சித்தப்பாவை நேராகப் பார்த்துப் பேசியதை நான் இன்றுதான் பார்த்தேன்.

“ஊரு பேரு தெரியாத ஆம்பளையோட கையப் புடிச்சுக்கிட்டு நான் மேடையில உக்காரணுமா?”

“ஐயோ மதினி, அது அண்ணன் கைதான...”

“தோலுதான் உங்கண்ணனது. தொடுறது எவனோ. உங்கண்ணன் பொண்டாட்டி இன்னொருத்தன் கையப் புடிக்கலாமா? அதுக்கும் உங்க சங்கத்துல தீர்மானம் போட்டாச்சா?”

சித்தப்பாவின் காது சிவந்துவிட்டது. இது அவர்கள் வகுத்த சட்டம். அதை வைத்தே அவள் அவரைப் பிடித்துவிட்டாள். எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

“அப்ப என்ன, பழசையே திரும்பப் போடச் சொல்லவா?” என்றார் எரிச்சலோடு.

“போடச் சொல்லுங்க. மண்டபத்துல மைக்குக்கு முன்னாடி தொட்டிய வைங்க. நான் வந்து, சாப்பாடு எடுத்து வைக்கட்டான்னு கேக்குறேன். தங்கமான மனுசன எல்லாரும் பாக்கட்டும்.”

சித்தப்பா டீப்பாயை ஓங்கி அறைந்தார். தொட்டி குலுங்கி, டப்பாவிலிருந்து கழிவுத் தண்ணீர் தரையில் சிந்தியது. பக்கத்தில் நின்ற சித்தி சட்டென்று ஒதுங்கினாள். “கூட்டத்துல எங்கண்ணன் மானத்த வாங்கப் பாக்குறீங்களா? நான் மண்டபத்துப் பக்கமே வர மாட்டேன். தாரை வாக்க எவன் கைய நீட்டுறான்னு பாத்துர்றேன்!”

“என் கை இருக்கு” என்றாள் அம்மா. “பெத்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டுன கை. அதை நான் நீட்டுறேன்.”

“மாப்பிள்ள வீட்ல ஒத்துக்குவாங்களா?”

“அவங்க பொண்ணத்தான் கேட்டாங்க சித்தப்பா, கையக் கேக்கல” என்றேன் நான். “முகிலன்கிட்ட நான் பேசிக்கிறேன். ஒத்துக்கலன்னா அவங்களும் வர வேணாம்.” சொன்னதைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை.

அம்மா குனிந்து குழாய்களைச் சரிபார்த்து, சிந்திய டப்பாவைத் தொட்டிக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்தாள். எதையும் அலங்கோலமாக விட அவளால் முடியாது. பிறகு நிமிர்ந்தாள். “தூக்கிட்டுப் போங்க தம்பி. உங்கண்ணன். நீங்களே வச்சு நகம் வெட்டி விடுங்க.”

சித்தப்பா தொட்டியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினார். அவருடைய குரல் கேட்டோ என்னவோ, உள்ளே இருந்த கை அவர் தோளைத் தட்டிக்கொண்டே போனது. சித்தி பின்னாலேயே போனாள். தரையில் சிந்தியிருந்ததை நான் பினாயில் ஊற்றி இரண்டு முறை துடைத்தேன். வாடை போகவில்லை.

பெனிட்டா தன் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சித்தி திரும்பி வந்தாள். கைப்பையை மறந்துவிட்டேன் என்றாள். கைப்பை அவள் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பெனிட்டாவுக்குப் பக்கத்தில் போய், வலது காதை அவள் பக்கம் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கவா?”

“கேளுங்க ஆன்ட்டி.”

“இப்ப எடுத்தியே, அத...” வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். “உசுரோட இருக்கறவங்க கையில இருந்தும் எடுக்க முடியுமா?”

பெனிட்டாவின் கையில் வயர் அப்படியே நின்றது. என் கையில் தரை துடைக்கிற துணியும் நின்றது.

“இல்லங்க ஆன்ட்டி” என்றாள் கடைசியில். “அதுக்கு இன்னும் வழி வரல.”

“சரிம்மா.” கடையில் கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் எப்படித் தலையாட்டுவாளோ அப்படித் தலையாட்டினாள். “வந்துச்சுன்னா சொல்லு.”

அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். புளி போட்டுத் தேய்ப்பதற்காக எடுத்த பித்தளைச் சொம்பு கையில் இருந்தது. சித்தியின் இடது பக்கமாக வந்து நின்றாள்.

“செண்பகம், நான் கைய நீட்டுனா தண்ணி ஊத்த ஒரு ஆளு வேணும். அன்னிக்கு நீ வர்றியா?”

சித்தி வாசலைப் பார்த்தபடியே நின்றாள். தெருவில் சித்தப்பா விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா சொம்போடு சுற்றி வந்து, அவளுடைய வலது பக்கம் நின்று, மறுபடியும் கேட்டாள்.